கையில் வீக்கம் இல்லை

பிள்ளை பெறப் போகிறவளிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் போலும். எழுபதுகளின் தொடக்கத்தில், தலைப்பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டில் இருந்த கடைசி நான்கு வாரங்களில், எங்கள் ஊர் அந்த உரிமையை ஒருநாள்கூட வீணாக்கவில்லை. அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலைக்காட்டு வழியாகக் கொஞ்சம் நடந்தால் ஊர் வந்துவிடும். தண்ணீருக்குப் போகிறவள் நின்று என் வயிற்றைப் பார்த்து, "எறங்கிருச்சி கண்ணு, இன்னும் எட்டு நாளுதான்" என்பாள். தண்ணீர் எடுத்துத் திரும்புகிறவள், "எங்க எறங்குச்சி? மேலயே நிக்குது. மாசம் ஆவும்" என்பாள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வயிற்றைத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அதனால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று வேறு நினைத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆணிவேர், சல்லிவேர். நாங்கள் படித்த புத்தகத்தில் பெண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. என் வீட்டுக்காரர் ஓசூரில் வேலையில் இருந்தார். வாரம் ஒரு கடிதம் போடுவார். அதில் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று ஒரு வரி இருக்கும். எதைப் பார்ப்பது என்று இருக்காது.

உடம்பு தினம் ஒரு தினுசாக நடந்துகொண்டது. ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் நெஞ்சில் எரிச்சல் ஏறிவிடும். குழந்தைக்கு முடி அடர்த்தியாக வளர்வதால்தான் எரிகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். காலை நீட்டினால் கெண்டைக்காலில் குரக்கு பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் படுத்து மறுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் அப்படியே புரளக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, பிறகுதான் திரும்பிப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளுமாம். இப்படி எழுந்து எழுந்து திரும்பியதிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சிறுநீருக்காக வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆமணக்குக் கொல்லைக்கு எத்தனை முறை நடந்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒருநாள் மத்தியானம் வயிறு இறுக்கிப் பிடித்தது. நான் பயந்து கத்தினேன். அம்மா அவசரமே படாமல் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். பொய் வலி என்றால் கஷாயத்துக்கு அடங்கிவிடும், நிஜ வலி என்றால் கூடும். அடங்கிவிட்டது. "பாத்தியா?" என்றாள் அம்மா. வலிக்குக்கூட இப்படிப் பரீட்சை வைக்க ஒரு வழி இருந்ததே என்று நான் அதிசயப்பட்டேன். மற்ற எதற்கும் அப்படி ஒரு வழி இல்லை. எது எல்லோருக்கும் வருவது, எது வரக் கூடாதது என்று யாரைக் கேட்டாலும், "மொதப் புள்ளைக்கு அப்படித்தான்" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கேட்க நினைத்ததோ ஒன்றே ஒன்று. குழந்தை உயிரோடு வருமா, நான் உயிரோடு இருப்பேனா? அதை மட்டும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை.

கேட்க முடியாததற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருஷம் எங்கள் தெருவிலேயே ஒருத்தி, என் வயசுக்காரி, நிறைமாதத்தில் ஜன்னி கண்டு செத்துப்போனாள். குழந்தையும் போயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னால் மாவு ஆட்டும்போது அவள் கையிலிருந்த வளைகாப்பு வளையல்கள் பட்பட்டென்று உடைந்தன. வளையல் உடைந்ததால்தான் அவள் போனாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. வளைகாப்பில் ஏற்றிய கண்ணாடி வளையலைப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் கழற்றக் கூடாது, உடையவும் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளைக் குளிப்பாட்டியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்தவள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் எனக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. சாயங்காலத்தில் பாதம் செருப்புக்குள் நுழையாது. பார்லியைக் கஞ்சியாகவும் தண்ணீராகவும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலையில் எழுந்தபோது, கையை எப்படி ஆட்டினாலும் வளையல் சத்தம் கேட்கவில்லை. பச்சையும் சிவப்பும் மணிக்கட்டில் அப்படியே பதிந்து கிடந்தன. அம்மாவிடம் நீட்டிக் காட்டினேன். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது.

அன்றைக்கே பஸ் ஏறிப்போய், வளைகாப்புக்கு வளையல் போட்ட வளையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழ். என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"நெறமாசத்துல கழட்டக் கூடாதுங்களேம்மா?"

"கழட்டலீங்க, மாத்தறோம்" என்றாள் அம்மா. "ஒண்ணு எறங்கனதும் ஒண்ணு ஏறிடணும். கை ஒரு நிமிசங்கூட வெறுசா இருக்கக் கூடாது. அதே பச்ச, அதே செவப்பு. அளவு மட்டும் பெருசு."

விளக்கெண்ணெயைத் தடவி, கட்டைவிரலை மடக்கி, எலும்பே நொறுங்கும்படி அமுக்கி, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒன்றுகூட உடையவில்லை. முடிந்ததும் கையை ஆட்டிப் பார்த்தேன். கலகலவென்றிருந்தது. அம்மா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். "உங்க மாமியாருக்குத் தெரிய வாணாம்" என்று மட்டும் சொன்னாள். சாமியை ஏமாற்றுவதில் தப்பில்லை, மாமியாரைத்தான் ஏமாற்ற முடியாது என்று நான் கிண்டல் செய்தேன். அப்போது எனக்கு அது வெறும் வேடிக்கை.

வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமையில் அரூரிலிருந்து நர்சம்மா வருவார். குடை, தோல்பை, வேகமான நடை. எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை. ஊரில் இருப்பவர்கள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை, நர்சம்மா சொல்வது விஞ்ஞானம் என்று டீச்சர் புத்தியில் பிரித்து வைத்திருந்தேன். வயிற்றில் மரக்குழலை வைத்து, காதைக் கொடுத்து, குழந்தையின் துடிப்பைக் கேட்பார். கணைக்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். வளையல் மாற்றிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, என் காலில் குழி நன்றாகவே விழுந்தது. பிறகு என் கையைப் பிடித்து, வளையல்களை மணிக்கட்டில் மேலும் கீழுமாக உருட்டினார். தாராளமாக உருண்டன.

"கையில வீக்கம் இல்ல" என்றார் நிம்மதியாக. "காலு எல்லாருக்குந்தான் வீங்கும். அதுக்கு நான் பயப்பட மாட்டன். இந்த வளையல் புடிச்சிக்கிச்சுன்னா சொல்லு, அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன், ஒரு பதிலும் ஒழுங்காக நிற்கவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லையா? ஆஸ்பத்திரி என்றால் பயமா? இல்லை, நர்சம்மா வாயிலிருந்து வந்த 'வீக்கம் இல்ல' என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருந்ததா? அது நிஜமில்லை என்று தெரிந்துகொண்டே அந்த வார்த்தையை இரண்டு நாள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். நானா அப்படி என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் சுக்கு அரைத்துப் போட்டும் போகவில்லை. நெஞ்சுக்குக் கீழே, வலது பக்கமாக, யாரோ முழங்கையால் முட்டுவது போல ஒரு வலி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பட்டப்பகலில் கண்ணுக்கு முன்னால் பொறி பொறியாக ஏதோ பறந்தது. வாசலில் கட்டியிருந்த ஒரே மாடு இரண்டாகத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "ரெட்டப் புள்ளயோ என்னமோ, இப்பவே எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது ஒனக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தால் தலை வெடித்தது. வெயில் அதிகம், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் புது வளையலும் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை வளையல்காரர் மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் அம்மாவின் முகத்தையோ என் முகத்தையோ நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் பெரிய அளவு போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று வயிற்றுக்குள் அசைவு குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, நான் கவனிக்கவில்லையா என்று தெரியவில்லை. இனிப்பாகக் குடித்தால் அசையும் என்றார்கள். வெல்லம் கரைத்துக் குடித்தேன். கொஞ்சம் அசைந்தது. அசைந்தது குழந்தையா, என் குடலா? என் வயிற்றுக்குள் நடப்பது எனக்கே தெரியவில்லை என்பது அப்படி ஓர் அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நர்சம்மா வந்தார். எனக்கு அவர் மங்கலாகத்தான் தெரிந்தார், குடை மட்டும் பளிச்சென்று இருந்தது. குழலை வைத்துக் கேட்டார். காலை அழுத்தினார். கையைப் பிடித்து வளையலை உருட்டினார். உருண்டது. "கையில வீக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"இது அந்த வளையல் இல்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "அந்த வளையல்னா?"

"வளைகாப்பு வளையல் இல்லீங்க. மாத்திட்டோம். ரெண்டு தடவ."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நர்சம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தலைவலி உண்டா, கண்ணில் பொறி பறக்கிறதா, நெஞ்சுக்குழியில் வலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். எனக்குத் தனித்தனியாக இருந்தவையெல்லாம் அவர் வாயில் ஒரே வியாதியாக இருந்தன.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ?" என்றார் என்னிடம். அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அம்மா அதற்காகவே காத்திருந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். செத்துப்போனவளின் வளையல் ஏன் உடைந்தது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. கை வீங்கியதால் உடைந்திருக்கிறது. உடைந்ததால் செத்தாள் என்று நாங்கள் தலைகீழாகப் படித்துவிட்டோம். அம்மாவுக்கும் விளங்கியதா என்று நான் கேட்டதில்லை.

சாலை வரைக்கும் கட்டை வண்டியில் போனோம். தருமபுரி பஸ்ஸை நர்சம்மா குடையை நீட்டி நிறுத்தினார். கடைசி நீள சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். கண்டக்டர், "எல்லாம் சொகமா ஆயிரும், பயப்படாதீங்க" என்றார். அவர் விசில் ஊதியது நினைவிருக்கிறது. ஜன்னலில் ஒரு புளியமரம் போயிற்று, அதே மரம் மறுபடியும் போயிற்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றுமே தெரியாது.

கண் திறந்தபோது பகல். நாக்கு வீங்கி, வாய் கொள்ளாமல் இருந்தது. ஓரத்தில் கடிபட்ட காயம். கையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் வெறுசாக இருந்தன. மணிக்கட்டில் கீறல்கள், மருந்து தடவிய மஞ்சள். எங்கள் பக்கம் நிறைமாதக்காரியின் கையில் வளையல் இல்லை என்றால் அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும், அல்லது புருஷன் போயிருக்க வேண்டும். எது என்று தெரியாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகுதான் வயிற்றில் கை வைத்தேன். தொளதொளவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வளையல்?" என்றேன். என் குரல் எனக்கே புரியவில்லை.

"நாந்தான் ஒடச்சன்" என்றாள். "பஸ்ஸுலயே ஒனக்கு இழுத்துக்கிச்சி. கைய போட்டு அடிச்சிக்கிட்ட. கண்ணாடி குத்திரும், ஒடச்சி எடுங்கன்னாங்க நர்சம்மா. வேற யாரயும் தொட வுடல. நானே ஒடச்சன்."

முந்தாநாள் எனக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது என்றும் சொன்னாள். நான் இல்லை என்றேன். எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை, நான் பஸ்ஸில்தான் இருந்தேன் என்றேன். ஆஸ்பத்திரி ஆயாம்மா ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். உள்ளே ஒரு சின்ன முகம். நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. தலையில் முடியே இல்லை.

அந்தக் குழந்தையைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்படிச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜம் அதுதான். குழந்தை உயிரோடு வருமா என்ற கேள்வியோடு ஒன்பது மாதம் கிடந்தேன், பதில் வந்தபோது நான் அங்கே இல்லை. வலியும் இல்லை, அழுகையும் கேட்கவில்லை, யாரும் தூக்கிக் காட்டவும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? அது அழுதபோது எனக்குப் பால் சுரந்தது. உடனே மனசு நிறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பக்கத்துக் கட்டில்காரியின் பிள்ளை அழுதபோதும் சுரந்தது. என் உடம்பின் சாட்சியை நான் எப்படி நம்புவது?

அம்மாவிடம் கேட்டேன். "இது என்னுதுதானாம்மா? நெசமா சொல்லு."

என் அம்மா எதற்கும் பதில் வைத்திருப்பவள். நெஞ்செரிச்சலுக்கு, குரக்குக்கு, கண்ணில் பறந்த பொறிக்கு, எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் சொன்னவள். இதற்கு, 'ஆமாண்டி, பின்ன யாருது?' என்று ஒரு வார்த்தை வந்தால் எனக்குப் போதும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன உள்ள வுடலடி" என்றாள். "கதவுக்கு வெளியதான் நின்னன். அப்பறம் கொண்டாந்து குடுத்தாங்க. நான் கண்ணால பாக்கல. பாக்காதத இனிமே நான் சொல்ல மாட்டன், கண்ணு. எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேண்டாத நேரத்திலெல்லாம் தெரிந்ததாகச் சொன்னவள், வேண்டிய நேரத்தில் தெரியாது என்கிறாளே என்று கத்த வாயெடுத்தேன். நாக்கு புரளவில்லை. அப்போது அவள் விரல்களைப் பார்த்தேன். கண்ணாடி கிழித்த காயங்கள், கறுப்பாக. என்னை மாதிரியே அவளும் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள், அதுவும் என்னைப் பார்த்து. பெற்ற பெண்ணைப் பார்த்து.

"என்னுதுதாம்மா" என்றேன். "எனக்குத் தெரியுது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மா அதை நம்பினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை நாளும் அவள் எனக்குச் சொன்னதை எல்லாம் இப்படித்தான் சொல்லியிருப்பாளோ என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் துணியை விலக்கி, குழந்தையைச் சரியாகப் பார்த்தேன்.